நாளெண்ணுவோரும் விளக்கேற்றுவோரும்

உலகம் எப்பொழுது முடியும் என்னும் வினா மாந்தரை நெடுங்காலமாக ஆட்டிப் படைத்து வருகிறது. அவ்வினாவுக்கு விடை தெரியும் என்று சொல்லிக்கொண்டு வருவோருக்கு எந்த நூற்றாண்டிலும் பஞ்சம் இருந்ததில்லை. ஆண்டும் திங்களும் நாளும் குறித்துக் கொடுக்கும் அவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. குறித்த நாள் வருகிறது; போகிறது; உலகம் அப்படியே இருக்கிறது. இல்லாமற் போவன அவர்களை நம்பியோரின் வீடும் நிலமும் வேலையும் நெஞ்சுறுதியுமே. இத்தகையோருட் பலர் தம் கணக்கிற்குக் கிறித்தவத் திருமறையையே சான்றாகக் காட்டுகின்றனர். அதே திருமறையின் அதே பகுதிகளைத் திருச்சபையும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் எடுத்துப் படிக்கிறது. படித்துவிட்டு அஞ்சி ஒடுங்காமல் விளக்கேற்றுகிறது. அக்காலம் திருவருகைக் காலம் எனப்படும்.

ஒரே நூலின் ஒரே பக்கத்தைப் படித்த இருவருள் ஒருவர் வீட்டை விற்கிறார், மற்றவர் விளக்கேற்றுகிறார். நூலைப் பிழையின்றிப் படித்தவர் யார்? இதனை ஓர்ந்து காண்பது கிறித்தவர்க்கு மட்டும் உரிய பணியன்று. நூல் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் அதனைக் கற்கும் மாணவர்க்கும் சமய வேறுபாடின்றி உரிய பணியாகும். ஒரு நூலைத் தவறாகப் படிப்பதனால் விளையும் கேடு எத்துணைப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வருகை என்னும் சொல்

கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். மேலைத் திருச்சபையின் வழக்கில் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று அது தொடங்குகிறது. 'அட்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'வருகை' என்பது பொருள். இவ்வருகையைப் பெத்லகேமில் பிறந்த குழந்தையின் வருகை என்று மட்டுமே பலர் கருதியிருக்கின்றனர். திருச்சபையின் எண்ணம் அதனினும் விரிந்தது. ஏற்கெனவே நிகழ்ந்த வருகை ஒன்று. இனி நிகழவிருக்கும் வருகை மற்றொன்று. உரோமைத் திருச்சபையின் முறைப்படி டிசம்பர் 16 வரை உள்ள நாள்களில் இரண்டாம் வருகையே முதன்மை பெறுகிறது. 17-ஆம் நாளிலிருந்துதான் வழிபாட்டின் முகம் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது.

மூவாண்டுச் சுழற்சியாக அமைந்துள்ள வாசகங்களில், இக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு உரியவை மத்தேயு 24-ஆம் அதிகாரம், மாற்கு 13-ஆம் அதிகாரம், லூக்கா 21-ஆம் அதிகாரம் ஆகியவற்றின் பகுதிகள். ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் நிலைகுலைவதைப் பேசும் அதிகாரங்கள் இவை. அந்த முதல் ஞாயிறே திருச்சபையின் வழிபாட்டாண்டுக்குத் தொடக்க நாளுமாகும். ஆண்டின் முதல் நாளில் உலகின் இறுதியைப் படிக்கிறார்கள்! தொடக்கத்தையும் முடிவையும் இவ்வாறு ஒரே நாளில் வைத்தவர்கள் பொருளறியாமல் வைத்தார்கள் என்று எவரும் சொல்லத் துணியார்.

இவ்விடத்தில் தமிழாசிரியர் கருதத்தக்க சொல்லாய்வு ஒன்று உண்டு. விவிலியத்தின் இறுதி நூலுக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயர் 'அபோகாலிப்சிஸ்'. திரையை விலக்கிக் காட்டுதல் என்பதே அச்சொல்லின் பொருள். ஆங்கில வழக்கில் அச்சொல் காலப்போக்கில் பேரழிவைக் குறிக்கலாயிற்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அப்பிழையைச் செய்யவில்லை. சீர்திருத்தச் சபையார் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றனர். கத்தோலிக்கர் 'திருவெளிப்பாடு' என்றனர். இரண்டு பெயர்களிலும் அழிவைச் சுட்டும் சொல் எதுவும் இல்லை. மறைந்திருந்தது வெளிப்படுகிறது என்பதே இரண்டும் தரும் செய்தி. நூலின் தலைப்பையே சரியாகப் படிக்காதவர்கள் நூலை எவ்வாறு சரியாகப் படித்திருக்கக்கூடும்?

யாருக்காக எழுதப்பட்டது?

எந்நூலையும் படிக்குமுன் அது எக்காலத்தில், எவருக்காக எழுதப்பட்டது என்று கேட்பது கல்வியின் முதற்படி. திருவெளிப்பாடு கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. பத்மு என்னும் தீவிலிருந்து, எபேசு முதல் லவோதிக்கேயா ஈறாகச் சின்ன ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு அது விடுக்கப்பட்டது. அச்சபையினர் உரோமைப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட எளிய மக்கள். பேரரசனைத் தெய்வமாக வணங்கு என்று வற்புறுத்தப்பட்ட காலத்தில், வணங்க மறுத்து இன்னலுற்றோர். அதற்கும் முன்னர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு என்னும் மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூதரை ஒடுக்கிய காலத்தில் உருப்பெற்றது தானியேல் நூல் என்பர். இரு நூல்களிலும் விலங்குகள் உருவில் வருவன பேரரசுகள். அவை எழுகின்றன, உறுமுகின்றன, வீழ்கின்றன.

ஆகவே அந்நூல்கள் ஒடுக்கப்பட்டோரின் செவியில் சொல்லிய செய்தி இதுதான்: உங்களை மிதிக்கும் கால் என்றும் நிலைக்காது. அரியணையில் இருந்தவனுக்கு அது நடுக்கம் தரும் செய்தி. சிறையில் இருந்தவனுக்கோ அது விடுதலைச் செய்தி. தன்னை என்றும் அழியாத நகரென்று சொல்லிக்கொண்ட உரோமையை நோக்கி, உனக்கும் ஒரு முடிவு உண்டு என்று சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அத்துணிவான சொற்களை எடுத்து, ஏழை எளியோரையும் குழந்தைகளையும் அச்சுறுத்தும் கருவியாக்கியது நாளெண்ணுவோர் செய்த முதற் குற்றம்.

கணக்கர்களின் வரலாறு

இரண்டாவது குற்றம் அவர்களுடைய கணக்கு. வட அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் உழவர், தானியேல் நூலில் வரும் 2300 நாள்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843-ஆம் ஆண்டையொட்டிக் கிறித்து மீண்டும் வருவார் என்று அறிவித்தார். குறித்த காலம் கடந்தது. பின்னர் அவ்வியக்கத்தார் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாளைக் குறித்தனர். உழவருட் சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டனர். வணிகருட் சிலர் கடையை மூடினர். 23-ஆம் நாள் கதிரவன் வழக்கம்போல் எழுந்தது. வரலாற்றாசிரியர்கள் அந்நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்று பெயரிட்டனர்.

தென்கொரியாவில் 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாளன்று நம்பினோர் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்று ஒரு சபையினர் பறைசாற்றினர். வேலையை விட்டவரும் உடைமையை விற்றவரும் அங்கும் உண்டு. அச்சபையின் தலைவரோ, 1993-ஆம் ஆண்டு மே திங்களில் முதிர்வுறும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்திற்காக நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. பிறரது உலகத்துக்கு அக்டோபரில் முடிவு; அவரது பத்திரங்களுக்கோ அடுத்த மே வரை ஆயுள்!

அமெரிக்க வானொலிச் சொற்பொழிவாளர் ஹெரால்டு கேம்பிங் 1994-ஆம் ஆண்டு செப்டம்பரைச் சுட்டி ஒருமுறை பிழைபட்டவர். பிழைபட்ட பின்னும் 2011-ஆம் ஆண்டு மே 21 என்று புதுநாள் குறித்தார். பல நாடுகளில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. அடியார் சிலர் வாழ்நாள் சேமிப்பை அவ்விளம்பரங்களில் கொட்டினர். மே 21 கழிந்ததும் அக்டோபர் 21 என்றார். அதுவும் கழிந்தது. 2012-இல் அவரே, நாள் குறிக்க முயன்றது பாவம் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நன்று. ஆனால் விளம்பரப் பலகையிற் கரைந்த சேமிப்பு திரும்பி வந்ததா?

இவர்கள் அனைவரும் கையில் வைத்திருந்த அதே நூலில், அந்த நாளையும் நேரத்தையும் தந்தையைத் தவிர வேறு எவரும் அறியார், வானதூதரும் அறியார், மகனும் அறியார் என்னும் கருத்து இயேசுவின் வாக்காகவே மாற்கு 13-ஆம் அதிகாரத்தில் அமைந்துள்ளது. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம், அந்நாள் வந்துவிட்டது என்று சொல்வோரைக் கேட்டு மனங்கலங்க வேண்டா என்கிறது. வேலை செய்யாமல் சோம்பித் திரிவோரைக் கடிந்து, உழைத்து உண்ணுமாறு கட்டளையிடுவதும் அதே திருமுகந்தான். கணக்கிடாதே என்று சொல்லும் நூலையே கணக்குப் புத்தகமாக்கிய இவர்களின் துணிவை என்னென்பது!

அச்சம் நல்லாசானா?

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. "நாள் குறிப்பது தவறாகவே இருக்கட்டும், முடிவை எண்ணி அஞ்சினால்தான் மக்கள் ஒழுங்காக வாழ்வார்கள், அச்சத்தை அகற்றினால் ஒழுக்கமும் அகன்றுவிடும்" என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்திற்கு விடை இறுக்கும் தகுதி ஆசிரியர்க்கே மிகுதியாக உண்டு. பிரம்புக்கு அஞ்சி அமைதி காக்கும் வகுப்பு, ஆசிரியர் வாயிலைத் தாண்டிய மறுநொடியே சந்தைக்கடையாகி விடுவதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அச்சம் தருவது அடக்கம் மட்டுமே. அறிவையோ அன்பையோ அது தந்ததில்லை. மாயர்களின் நாள்காட்டி முடிகிறது என்னும் புரளியால் 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாளையொட்டி உலகெங்கும் கலக்கம் பரவியபொழுது, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா விளக்கம் வெளியிட்டு மக்களைத் தேற்ற வேண்டியதாயிற்று. அத்தகைய கலக்கத்தின்போது பாடநூலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு பிள்ளை, 'நாளையே உலகம் இல்லையெனில் நான் ஏன் படிக்க வேண்டும்?' என்று கேட்குமானால் அவ்வினாவுக்கு யார் பொறுப்பு? முடிவைக் காட்டி அச்சுறுத்துவோர் முதலில் கொல்வது எதிர்காலத்தைத்தான்; எதிர்காலம் இன்றிக் கல்வி ஏது?

திருமறையின் சொற்களையே நோக்குக. இறுதிக்கால இன்னல்களைக் குறிக்க மத்தேயுவும் மாற்கும் ஆளும் கிரேக்கச் சொல் மகப்பேற்று வேதனையைக் குறிப்பது. சாவு வேதனைக்கும் பேற்று வேதனைக்கும் வலி பொதுவாக இருக்கலாம். ஆனால் ஒன்றன் இறுதியில் பாடை, மற்றொன்றன் இறுதியில் தொட்டில். இறுதிநாளின் அடையாளத்திற்கு இயேசு காட்டிய உவமையும் பட்ட மரமன்று, துளிர்விடும் அத்திமரம். துளிரைக் கண்டு கோடை அண்மையில் என்று அறிவதுபோல அறிந்துகொள்ளுங்கள் என்கிறார். இவற்றை நடுங்கித் தலைகவிழ வேண்டிய வேளையாக லூக்கா எழுதவில்லை. தலைநிமிர வேண்டிய வேளையாகவே எழுதியுள்ளார். தொடக்கக் கிறித்தவர்கள் 'மரநாதா' என்று அரமேயத்தில் வேண்டினர். ஆண்டவரே வருக என்பது அதன் பொருள். அஞ்சத்தக்கவரை எவரேனும் வருக என்று அழைப்பாரோ?

இனி, அச்சத்திற்குப் பதிலாகத் திருமறை வைப்பது யாது? மத்தேயுவின் 24-ஆம் அதிகாரத்தை அச்சுறுத்தும் குரலில் படிப்போர் பெரும்பாலும் 25-ஆம் அதிகாரத்திற்கு வருவதில்லை. வந்தால் அவர்கள் கணக்கு கெட்டுவிடும். அங்கே இறுதித் தீர்ப்பு விரித்துரைக்கப்படுகிறது. பசித்தவனுக்கு உணவளித்தாயா, தாகமுற்றவனுக்கு நீர் தந்தாயா, அயலானை ஏற்றாயா, ஆடையற்றவனுக்கு உடுத்தினாயா, நோயாளியைக் கவனித்தாயா, சிறைப்பட்டவனைக் காணச் சென்றாயா என்பவையே அங்கே எழும் வினாக்கள். அந்நாளை முன்கூட்டிக் கணித்தாயா என்னும் வினா அவற்றுள் இல்லை. பள்ளித் தேர்வுகளில் நாள் முன்னரே அறிவிக்கப்படும், வினாத்தாள் மறைக்கப்படும். இத்தேர்விலோ வினாத்தாள் முன்னரே வழங்கப்பட்டுவிட்டது. நாள் மட்டுமே மறைக்கப்பட்டுள்ளது. கையில் தரப்பட்ட வினாத்தாளைப் புரட்டியும் பாராமல், மறைக்கப்பட்ட தேர்வு நாளைத் துப்பறியத் திரியும் மாணவனை எந்த ஆசிரியர் மெச்சுவார்? நாள் தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய இரவு வரை உறங்குவது மாணவர் இயல்பு. தெரியாதவன் அன்றாடம் படிப்பான். நாள் மறைக்கப்பட்டதன் நோக்கம் அதுவே.

இனிப்பை மட்டும் வேண்டுவோர்

நாளெண்ணுவோரைக் கடிந்த அளவில் வாதம் முடிந்துவிடாது. மறுபுறத்தில் வேறொரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு முடிவைப் பற்றிய பேச்சே கசக்கும். தீர்ப்பு, விழிப்பு, மனமாற்றம் ஆகியவற்றை நீக்கிவிட்டுத் தொழுவமும் குழந்தையும் விண்மீனும் மட்டும் போதும் என்பர். பேரங்காடிகளுக்கு இது மிகவும் உவப்பானது. நவம்பரிலேயே கிறித்து பிறப்பு மரத்தை நிறுத்திப் பாட்டை ஒலிக்கவிட்டு, காத்திருத்தலையே ஒழித்துவிடுகின்றன. காத்திருப்பவன் பொருள் வாங்கமாட்டான் அன்றோ? டிசம்பர் 25-ஆம் நாள் விழா தொடங்குகிறது என்பது திருச்சபையின் முறை. அன்றே விழா முடிந்துவிடுகிறது என்பது வணிகரின் முறை.

இவர்கள் செய்யும் கேடு கணக்கர்களின் கேட்டைப் போல வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆயினும் அதுவும் கேடே. முடிவைப் பேசாத நம்பிக்கை, உலகில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று பொய்ச்சான்று கூறுகிறது. உலகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது போதும். பசித்திருப்பவனுக்கும் சிறையிலிருப்பவனுக்கும் இப்போதுள்ள நிலைக்கு ஒரு முடிவு உண்டு என்பதைவிட நற்செய்தி வேறென்ன? அவனிடமிருந்து அம்முடிவைப் பறித்துக்கொண்டு வண்ணத்தாள் சுற்றிய இனிப்பைக் கொடுப்பது ஏய்ப்பன்றோ? திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றில் திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் நின்று மனமாற்றத்தை முழங்குகிறார். அவரைக் கடந்து செல்லாமல் தொழுவத்தை அடைய வழியில்லை என்பது வாசக முறையை அமைத்தவர்களின் கருத்து. முடிவையும் நம்பிக்கையையும் பிரித்தால் ஒருபுறம் அச்சம் விற்கப்படும். மறுபுறம் பொம்மை விற்கப்படும். இரு கடைகளுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே.

சிறைக்குள் ஒரு திருவருகை

இவ்விரண்டையும் பிரிக்காமல் பற்றியோர் உண்டா என்று வினவுவார்க்குப் பெர்லின் நகரின் தேகல் சிறை விடை கூறும். இட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1943-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிறைப்பட்ட லுத்தரன் சபைப் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர், அவ்வாண்டு நவம்பரில் எழுதிய மடலொன்றில், சிறையறை வாழ்வு திருவருகைக் காலத்தை ஒத்திருக்கிறது என்று குறித்தார். உள்ளிருப்பவன் என்னென்னவோ செய்யலாம்; கதவோ வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும் என்பது அவர் கண்ட ஒப்புமை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே சிறையில் இயேசு சபைக் குரு ஆல்பிரெடு டெல்ப், விலங்கிடப்பட்ட கைகளால் திருவருகை பற்றிய சிந்தனைகளை எழுதினார். அத்தாள்கள் மறைவாக வெளியே கொண்டு செல்லப்பட்டன. மனிதன் உலுக்கப்பட்டு உறக்கம் தெளிய வேண்டிய காலம் இது என்பதே அவற்றின் சாரம். 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் டெல்ப் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 9-ஆம் நாள் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார்.

ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று மார்தட்டிய ஆட்சி அவ்வாண்டு மே திங்களிலேயே வீழ்ந்தது. அவர்கள் அதனைக் காணவில்லை. வீழும் நாளைக் கணித்துச் சொன்னவர்களும் அல்லர். ஆயினும் வீழும் என்று அறிந்திருந்தனர், அறிந்தபடி நடந்தனர். காத்திருத்தல் மக்களைச் செயலற்றவராக்கும் மயக்க மருந்து என்று பழிப்போர் இவ்விருவரின் வாழ்வை நோக்க வேண்டும். செயலற்றவர்களையா அவ்வாட்சி தூக்கிலிட்டது?

எண்ணுதலில் இருவகை

எண்ணுவதே தவறென்று கொள்ளவேண்டா. நன்றாக எண்ணிய ஆசிரியர் ஒருவரும் உண்டு. ஜெர்மனியின் ஆம்பர்க்கு நகரில் யோகான் ஹின்ரிக் விகர்ன் என்பார், கவனிப்பாரற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக 1833-இல் இல்லமொன்றைத் தொடங்கினார். விழா எப்பொழுது வரும், எப்பொழுது வரும் என்று அப்பிள்ளைகள் ஓயாமல் கேட்டனர் என்பர். 1839-ஆம் ஆண்டில் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சிறிய மெழுகுதிரிகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுதிரிகளும் பொருத்தினார். நாளுக்கொன்றாகத் திரி ஏற்றப்பட்டது. பிள்ளைகள் எண்ணக் கற்றனர், காத்திருக்கவும் கற்றனர். இன்று கோவில்களில் நான்கு திரிகளோடு விளங்கும் திருவருகை வளையம் அச்சக்கரத்தின் வழித்தோன்றலாகும்.

மில்லரும் எண்ணினார், விகர்னும் எண்ணினார். மில்லரின் கணக்கில் ஒவ்வொரு நாளும் கழிந்தது, எஞ்சியது குறைந்தது. விகர்னின் கணக்கில் ஒவ்வொரு நாளும் ஓர் ஒளி கூடியது. வடபுலத்தில் டிசம்பர் நாள்கள் குறுகி இருள் நீளும் காலத்தில் சக்கரத்தில் வெளிச்சம் பெருகியது. அவர் இருளை மறைக்கவில்லை. இருளைக் காட்டி அச்சுறுத்தவும் இல்லை. இல்லம் தேடி வந்த பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் தொழிலும் தந்துகொண்டே திரியை ஏற்றினார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் வினாத்தாளைப் படித்தவர் செய்யும் செயல் இதுவே.

எனவே, உலகம் இன்ன நாளில் முடியும் என்று எவரேனும் வாயிலில் வந்து நின்றால், ஆசிரியரும் மாணவரும் அவரை நோக்கிக் கேட்க வேண்டியது ஒன்றே: "அந்நாள் நாளை என்றே வைத்துக்கொள்வோம், இன்று பசித்தவர்க்கு நீர் இட்டது என்ன?" விடை இருந்தால் அவரோடு அமர்ந்து பேசலாம். விடை இல்லையேல் கதவைச் சாத்திவிட்டு, மாணவன் தன் பாடத்தைத் தொடரட்டும். ஆசிரியர் நாளைய பாடக்குறிப்பை எழுதட்டும். நாளை என்று ஒன்று உண்டு என நம்புகிறவரே அதனை எழுதுவார்.